சீட்டுக்குக் கீழே கட்டியிருந்த முடிச்சு

எங்கள் சங்கத்துப் பெடியள் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்களாம். வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர்களின் சங்கம் இது. நானும் பரந்தனில் முப்பத்தைந்து வருடம் அந்த வேலை செய்து, கண் மங்கி, இரண்டு வருடத்துக்கு முன் கராஜைப் பூட்டியவன். "குலம் அண்ணை, நீங்கள் பிடிச்ச பிழைகளுக்குள்ள பெரிய பிழை எது? அந்த மீன் பிக்கப் கதையையே எழுதித் தாங்கோவன்" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.

மீன் பிக்கப் கதை அவர்களுக்கு மனப்பாடம். தேத்தண்ணிக் கடையில் நூறு தரமாவது சொல்லியிருப்பேன். பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு எரியவில்லை, ஆனால் முன்னாலே மீற்றருக்குள் இருக்கிற விளக்கு மினுக்கென்று எரிந்தது, அந்த மினுக்கை வைத்தே குலம் பிழையைப் பிடித்தான், மெஷினும் இல்லை மண்ணும் இல்லை, வெறும் டெஸ்ட் பல்ப் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்லுவேன். இப்போது போனைச் செருகினால் பிழை தானாக எழுத்தில் வருகிற காலம். அதனால் பெடியளுக்கு அந்தக் கதை இன்னும் பிடிக்கும்.

சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, கேட்டுவிட்டார்கள்.

நான் தொழில் பழகியது அருளையா பாஸிடம். பழகிய வருடங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. வயர் உரித்தேன், பற்றரிக்குத் தண்ணீர் விட்டேன், ஏச்சு வாங்கினேன். அவருடைய ஏச்சு, சத்தமில்லாத ஏச்சு. ஒல்லியான மனிதர், எப்போதும் சட்டையின் மேல் பொத்தான் பூட்டியிருக்கும். ஒரு வாகனம் வந்தால் உடனே கை வைக்க மாட்டார். ஓட்டி வந்தவரைக் கதிரையில் இருத்திக் கதை கேட்பார். எப்போது எரிகிறது, எப்போது எரியவில்லை, குழியில் விழுந்தபோதா, மழைக்குப் பிறகா. கால் மணித்தியாலம் கேட்டபிறகுதான் டெஸ்ட் பல்பைத் தேடுவார். அது ஒரு சின்னப் பல்ப், இரண்டு வயர், ஒன்றின் நுனியில் ஊசி, மற்றதில் கவ்வி. அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

எர்த்திலிருந்துதான் தொடங்குவார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பற்றரியிலிருந்து புறப்படுகிற கரண்ட் பல்பை எரித்துவிட்டுத் திரும்பவும் பற்றரிக்குப் போக வேண்டும். அந்தத் திரும்புகிற வழிதான் எர்த். "போற வழியை எல்லாரும் பாப்பாங்கள். வாற வழியை ஒருத்தரும் பாக்க மாட்டாங்கள்" என்பார். வழி அறுந்தால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "கரண்டுக்கு வீட்டுக்குப் போக ஒழுங்கை இல்லையெண்டால், அயல்வீட்டு வேலிக்குள்ளால பூந்து போகும். எரியக்கூடாத விளக்கு எரிஞ்சால் எர்த்தைப் பார்."

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கழற்றிய சாமானை எறிய மாட்டார். கருகிய வயரோ, செத்த பல்போ, பேப்பரில் சுற்றி வாகனத்துக்காரரின் கையில் கொடுத்து, "இதுதான் பிழை. இது இன்னாரால வந்தது" என்று சொல்லுவார். ஒரு முறை ஒரு நெல் லொறிக்கு அவரே வயர் மாற்றிக் கொடுத்து டைனமோ கருகிவிட்டது. லொறிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பழுதாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் ஓமென்று தலையாட்டியிருப்பார். பாஸ் கருகியதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, "இது என்ர பிழை, என்ர கையால வந்தது" என்றார். லொறிக்காரர் கத்திவிட்டுப் போனவர், பிறகு வரவேயில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிசன் என்று நினைத்தேன். நான் நினைத்ததை எழுதத்தானே வேண்டும்.

பிறகு சண்டைக் காலம். விளக்கோடு வாகனம் ஓட்டப் பயந்த காலம். முன்விளக்குக்குக் கறுப்பு மை பூசி ஒரு கீறல் மட்டும் விடுவோம். பின்விளக்குத்தான் கரைச்சல். பிளேன் சத்தம் கேட்டதும் சாரதி பயத்தில் பிரேக்கை அழுத்துவான், பின்னாலே இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரியும். அதற்காக எல்லோரும் ஒரு கள்ள சுவிட்ச் கேட்டு வந்தார்கள். ஒரே தட்டில் பின்பக்கம் முழுக்க அணைய வேண்டும்.

அதைச் சரியாகச் செய்வதென்றால் பிரேக் லைனுக்கு ஒன்று, சின்ன விளக்கு லைனுக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வெட்டிக் கொண்டுவர வேண்டும். அரை நாள் வேலை. நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். பின்விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் வயரை மட்டும் வெட்டி, சாரதி சீட்டுக்குக் கீழே ஒரு சுவிட்சில் கொண்டுவந்து விட்டேன். பத்து நிமிட வேலை. எல்லாம் ஒரேயடியாக அணையும்.

பாஸுக்குப் பிடிக்கவில்லை. "எர்த்தில கை வைக்காதை குலம். இண்டைக்கு உதவும். ஒருநாள் உதைக்கும்" என்றார்.

"வெளியில பன்ரண்டு வாகனம் நிக்குது பாஸ். சனம் சாகுது" என்று பாய்ந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். ஊரெல்லாம் என் சுவிட்ச்தான் ஓடியது. வயரில் சுற்றுகிற இன்சுலேசன் ரேப் கிடையாது. சைக்கிள் ரியூப்பைப் பட்டி பட்டியாக வெட்டிச் சுற்றி, தங்கூசியால் இரண்டு முடிச்சுப் போடுவேன். மீன் பிடிக்கிற அந்த நைலோன் நூல்தான். முடிச்சின் வாலை உள்ளே மடித்துச் செருகுவேன். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

சண்டை எல்லாம் முடிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபிறகு, விட்டுப்போன வாகனங்களை ஆட்கள் தேடிப்பிடித்து எடுத்து வந்தார்கள். அப்படி வந்ததுதான் மேரி அக்காவின் பிக்கப். முல்லைத்தீவுக் கரையில் அவவுக்குச் சொந்தமாக ஒரு வாடி, அதாவது படகு வந்து மீன் இறங்குகிற கொட்டில். கணவன் திரும்பி வரவில்லை, பிக்கப் திரும்பி வந்தது. கதவெல்லாம் ஓட்டை. சீட்டுக்குக் கீழே என் சுவிட்ச் அப்படியே இருந்தது. "தம்பி, இந்தச் சுவிட்சைக் கழட்டி விடுங்கோ. செக்பொயின்ரில கண்டால் எனக்கு விளக்கம் சொல்லேலாது" என்றா. அவ வாசலில் நிற்கும்போதே கழற்றிவிட்டேன். அறுந்த இரண்டு முனையையும் முறுக்கி, ரியூப் சுற்றி, தங்கூசி முடிச்சுப் போட்டேன். ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அன்றைக்குப் பற்றவைக்கிற கோல் சுடவில்லை. பிறகு ஒரு நாள் கூப்பிட்டுச் செய்வோம் என்று விட்டேன். பிறகு மறந்துபோனேன்.

மறந்து ஆறு வருடம் கழித்து அந்தப் பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

அப்போது அதை ஓட்டியவன் முருகையா. தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து ஸ்கந்தபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவன் வன்னியில் பிறந்தவன்தான், ஆனால் பேச்சில் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கனரக வாகன லைசன்ஸ் எடுத்து பஸ் ஓட்ட வேண்டும் என்று ஆசை. அதற்கு முதல் படியாக இந்தப் பிக்கப்பில் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு திரிந்தான்.

நடந்தது இதுதான். பின்னேரம் மாங்குளத்துக்கு மீன் கொண்டு போகிறபோது மாடு ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. முருகையா பிரேக் அடித்திருக்கிறான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தது மேரி அக்காவின் தம்பி. முன்னாலே பிக்கப் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. போய்ப் பின்கதவில் அடித்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிரேக் லைட் எரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் கண்ணீரோடு சொல்லியிருக்கிறான். காலையில் பார்த்தபோது எரிந்தது என்று முருகையா சத்தியம் செய்கிறான். இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று மேரி அக்கா முடிவு கட்டிக்கொண்டு என்னிடம் வந்தா.

"தம்பி, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. ஆரின்ர பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறது எனக்குக் கோயில் சொல்லு மாதிரி."

கதிரை போட்டு அவவை இருத்தினேன். முருகையா இருக்கவில்லை. பிக்கப்பின் மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம்தான் கதை கேட்டேன், பாஸ் கேட்கிற மாதிரியே.

"தினமும் காலைல பாப்பேங்கண்ணே. பிரேக்ல கட்டைய முட்டுக் குடுத்துட்டு, பின்னால போயி பாப்பேன். அன்னைக்கும் ரெண்டும் எரிஞ்சிச்சி. மாதா சத்தியமா எரிஞ்சிச்சி."

அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன் இல்லை. அக்கா நம்ப வேண்டும் என்று அவவுடைய மாதாவைக் கூப்பிட்டான்.

பிரேக்கை அழுத்தச் சொன்னேன். இரண்டு விளக்கும் எரிந்தது. மேரி அக்காவின் முகம் மாறியது. நான் பின்கதவைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். இரண்டும் அணைந்தது. "காலை எடுக்காதை!" என்று கத்திக்கொண்டு முன்னே ஓடிப் பார்த்தேன். மீற்றர் விளக்கு சின்ன விளக்குச் சுவிட்சோடு எரிவது, அந்தச் சுவிட்ச் போடவேயில்லை, ஆனால் மீற்றருக்குள் மங்கலாக மினுக்கென்று எரிகிறது. வேலிக்குள்ளால் பூந்து போகிற கரண்ட். எர்த் விட்டுவிட்டது. சந்தோசத்தில் தொடையில் தட்டினேன். இதுவரைக்கும்தான் நான் தேத்தண்ணிக் கடையில் சொல்லுகிற கதை.

பின்னாலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விளக்கடியில் சுத்தம். சட்டத்தடியில் சுத்தம். வயர் கபினுக்குள் ஏறுகிறது. முருகையா இறங்கி மற்றப் பக்கம் போக, சாரதி சீட்டைத் தூக்கினேன். ஐஸ் தண்ணீர் ஊறிய பாயைக் கிழித்தேன். கீழே சைக்கிள் ரியூப். அதன்மேல் தங்கூசி. இரண்டு முடிச்சு. வால் உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

தொட்டதும் ரியூப் உதிர்ந்தது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பிடித்து, இரண்டு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் வாகனம் அசையாமல் நிற்கும்போது அந்த இரண்டு இழை தொட்டுக்கொண்டிருக்கும், விளக்கு எரியும். ரோட்டில் குழியில் விழுந்தால் விலகும், அணையும். முருகையா பார்த்தது உண்மை. தம்பிக்காரன் பார்த்ததும் உண்மை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பிழை என்னுடையது, முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும்.

அந்த இடத்தில் எழும்பி, அக்கா இது என்ர பிழை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவ கத்தியிருப்பா. கரையில் என் பெயர் கெட்டிருக்கும். அவ்வளவுதான். கோயில் சொல்லு மாதிரி என்றாவே, அந்தச் சொல்லை இழக்க எனக்கு மனம் வரவில்லை. பாஸ் அப்போது வவுனியாவில் மகளோடு இருந்தார். போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். என்ன சொல்லுவார் என்று தெரிந்தபடியால் எடுக்கவில்லை.

இடுக்கியால் இரண்டு பக்கமும் நறுக்கி, அந்த முடிச்சை அப்படியே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். புது வயர் வைத்து ஈயம் ஒட்டினேன். அன்றைக்குக் கோல் நன்றாகச் சுட்டது. பிறகு பின்னாலே போய், ஒரு பழுதும் இல்லாத பல்ப் ஹோல்டரைக் கழற்றி அரத்தால் உரசிக்கொண்டு வந்து மேரி அக்காவிடம் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"ஹோல்டருக்குள்ள உப்புத் தண்ணி பூந்து கறள் பிடிச்சிருக்கு அக்கா. கிழமைக்கு ஒருக்காக் கழட்டித் துடைச்சிருந்தால் இது வராது."

"இல்லீங்கண்ணே, நான்..." என்று முருகையா வாயெடுத்தான்.

அவன் பேசிவிடுவானோ என்று பயந்துதான் அடுத்ததைச் சொன்னேன். இவ்வளவு காலமும் என்னைத் தின்றுகொண்டிருக்கிற சொல் அதுதான்.

"இனியெண்டாலும் கடற்கரை வாகனம் ஓடத் தெரிஞ்ச ஆளாய்ப் பாத்து வையுங்கோ அக்கா. மலைநாட்டுச் சனத்துக்கு உப்புத் தண்ணியைப் பற்றி என்ன தெரியும்?"

அவ உடனே நம்புவா என்று தெரிந்தே சொன்னேன். ஹோல்டரைப் பற்றிச் சொன்னதை விட இதை அவ கெதியாக நம்பினா. சீ, நானும் ஒரு மனிசனா?

முருகையா கண்ணைத் தாழ்த்தி நின்றான். நிலத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை, படகுகள் வருகிற நேரம், வாடியில் அத்தனை பேருக்கும் முன்னால் மேரி அக்கா அவனை ஏசி, பிக்கப்பின் திறப்பைப் பறித்தா என்று கேள்விப்பட்டேன். கரையில் பிறகு யாரும் அவனுக்கு வாகனம் கொடுக்கவில்லை. விளக்குப் பார்க்காமல் ஓட்டி ஆளை முறித்தவன் என்ற பெயர் பரந்தன் வரைக்கும் வந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

அந்த முடிச்சை ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். எறியவென்று எடுப்பேன், எறிய வராது. கராஜைப் பூட்டியபோது ரின்னும் வீட்டுக்கு வந்தது. இந்த மலருக்கென்று எழுதக் குந்தி, முருகையாவின் பெயர் வருகிற இடத்தில் பேனை நின்றுவிட்டது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் முடிச்சைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஸ்கந்தபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

முருகையா கச்சான் தோட்டத்தில், நிலக்கடலைக்குக் களை பிடுங்கிக்கொண்டு நின்றான். தலை நரைத்திருந்தது. "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் தந்தான். பேப்பரை விரித்துக் காட்டி, சுவிட்சிலிருந்து முடிச்சு வரைக்கும் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அவன் முடிச்சைத் தொடவில்லை. "தெரியுங்கண்ணே" என்றான். "அன்னைக்கி நீங்க சட்டப் பையில போட்டத நான் அந்தப் பக்கத்துக் கதவுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"ஐயோ, அப்ப ஏன் சொல்லேல்லை?"

"யாருகிட்டங்க? நீங்க சொன்னப்பறம் என் பேச்ச யாரு கேப்பாங்க?" ஒரு களையைப் பிடுங்கி எறிந்தான். "அக்காகிட்ட காட்டுனீங்களா?"

"இன்னும் இல்லை."

"அவங்க வாடியில அத்தன பேருக்கு முன்னாடி என்னய ஏசினாங்க. நீங்க என் தோட்டத்துக்கு வந்து, எனக்கு மட்டும் சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லி என்னாங்கண்ணே ஆகப் போவுது?" கோபமே இல்லாமல்தான் கேட்டான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீயும் வா என்று கூப்பிட்டேன். "நான் எதுக்கு வரணும்? போக வேண்டியவங்க போங்க" என்றுவிட்டுக் களை பிடுங்கக் குனிந்துவிட்டான்.

அடுத்த நாள் காலை முல்லைத்தீவுக்குப் போனேன். மேரி அக்கா முழங்கால் வருத்தத்தோடு வாடி வாசலில் இருந்தா. தம்பிக்காரன் இப்போதும் கெந்திக் கெந்தித்தான் நடக்கிறான், அவனும் நின்றான். பேப்பரை அவவின் கையில் கொடுத்தேன். "இதுதான் பிழை அக்கா. இது என்னால வந்தது." இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.

அவ அந்த முடிச்சைக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பழி ஓரிடம் பாவம் ஓரிடமாய்ப் போச்சே" என்றா. பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "நான் அவனை இந்த இடத்தில நிப்பாட்டி வைச்சுத்தான் ஏசினனான். நீங்களும் இந்த இடத்தில நிண்டு சொல்லுங்கோ" என்று கைத்தடியால் மண்ணில் தட்டினா.

படகுகள் வந்துகொண்டிருந்தன. இருபது முப்பது பேர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நின்றார்கள். பாதி புது முகங்கள். நான் அந்த மண்ணில் நின்று, முருகையாவில் ஒரு பிழையும் இல்லை, வயரில் பிழை, அந்த வயர் என்னுடைய வேலை, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வலைக்குள்ளிருந்து ஒரு வயதானவர் தலையைத் தூக்கி, "எந்த முருகையா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர் அவருக்கு விளங்கப்படுத்தினார். "அவன்தான், அந்த மலைநாட்டுப் பெடியன். லைற் பாக்காமல் ஓடினவன்."

"இல்லை அண்ணை," என்றேன். "அவன் பாத்தவன். ஒவ்வொரு நாளும் பாத்தவன்."

"என்ன?" என்று காதில் கை வைத்தார். படகு எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கிட்டப் போய், இன்னொரு தரம் கத்திச் சொன்னேன்.